திருந்தியவன் என்று யார் சொல்வது?

எங்க சின்னையா ஒருத்தர் ஏழு வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வந்தவர். கூலித் தகராறில் ஊர்க்காரர் ஒருவரை அரிவாளால் வெட்டிவிட்டார் என்று வழக்கு. வெட்டியது உண்மைதான், அவரே அதை மறுத்ததில்லை. உள்ளே போகும் முன்னால் சேரியே பயப்படுகிற ஆள் அவர். குடி, அடிதடி. வீட்டுக்குள்ளேயும் கை நீளும். சின்னம்மா முதுகில் இருந்த தழும்புகளை நான் பார்த்திருக்கிறேன். அதை மறைத்து அவரைத் தியாகியாக்க இங்கே வரவில்லை.

திரும்பி வந்தபோது கையில் சின்னதாக ஒரு பைபிள் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க உள்ளே கற்றுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். விடியற்காலம் நாலு மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஊர்க்காரங்களுக்கு ஒரே சந்தோஷம். "பய திருந்திட்டாண்டா, ஜெயிலு நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்க அம்மா மட்டும், "என்னத்த திருந்தினாரு? அங்க என்ன செஞ்சாங்களோ, யாரு கண்டா" என்றாள்.

திருந்துவது என்ற சொல் அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊரார் சொன்ன திருந்தலுக்கு, எதிர்த்துப் பேசாமல் இருப்பது என்று பொருள். சின்னையாவுக்கு உள்ளே நடந்தது வேறு ஏதோ. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பல வருஷம் கழித்து அமெரிக்கச் சிறைகளின் வரலாற்றைப் படித்தபோதுதான் பேச ஒரு பிடி கிடைத்தது. அந்த வரலாற்றை இங்கே நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

*

தனிமைச் சிறையைக் கொடுமைக்காரர்கள் யாரோ கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்பியா நகரத்தில் குவேக்கர் கிறித்தவர்களும், டாக்டர் பெஞ்சமின் ரஷ் போன்ற சீர்திருத்தக்காரர்களும் சாட்டையடியையும் தூக்குமரத்தையும் எதிர்த்துப் பேசினார்கள். குற்றவாளியின் உடம்பை வதைக்காதே, அவனைத் தனியாக விடு, மனசாட்சியோடும் கடவுளோடும் பேசவிடு, அவன் மனம் திரும்புவான் என்பது அவர்கள் வாதம். 1790இல் வால்நட் தெருச் சிறையில் சில தனி அறைகளைக் கட்டிப் பார்த்தார்கள். 1829இல் அதே நகரத்தில் ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷரி என்ற பெரிய சிறை திறக்கப்பட்டது. பெனிடென்ஷரி என்ற சொல்லுக்குள்ளேயே பாவத்துக்காக மனம் வருந்துதல் என்ற பொருள் இருக்கிறது.

அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆளுக்கு ஓர் அறை. கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு துவாரம். அதற்குக் கடவுளின் கண் என்று பெயர். படிக்க பைபிள். சுவரில் உள்ள பொந்து வழியாகச் சோறு. அறையை ஒட்டியே சுவர் எழுப்பிய சின்ன முற்றம், அங்கேயும் தனியாகத்தான் நடக்க வேண்டும். வெளியே எங்காவது கூட்டிப்போனால் தலையில் முகமூடி போட்டுவிடுவார்கள். ஒரு கைதியின் முகத்தை இன்னொரு கைதி பார்க்கக்கூடாது.

இந்த ஞானக்கூடத்தில் முதலில் அடைக்கப்பட்டவர் யார்? சார்லஸ் வில்லியம்ஸ், வயது 18. கருப்பினத்தவர், பயிர் வேலை செய்தவர். 20 டாலர் பெறுமான ஒரு கடிகாரம், 3 டாலர் தங்க முத்திரை, ஒரு தங்கச் சாவி, இவற்றைத் திருடியது குற்றம். இரண்டு வருஷம். அவர் இனத்து மக்கள் லட்சக்கணக்கில் தெற்கே சந்தையில் விலைபோய்க்கொண்டிருந்த காலம் அது. அவர்களை வாங்கி விற்றவன் தன் பாவத்தை நினைத்து அழுவதற்கு எந்த ஊரிலும் ஓர் அறை கட்டப்படவில்லை. கடிகாரம் திருடிய பையனுக்குக் கட்டினார்கள்.

விளைவு என்ன என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. 1821இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறையில் சுமார் 80 பேரை வேலைகூடக் கொடுக்காமல் முழுத் தனிமையில் போட்டுப் பார்த்தார்கள். சிலர் செத்தார்கள், புத்தி பேதலித்தது, 26 பேரை ஆளுநரே மன்னித்து வெளியே விட வேண்டியதாயிற்று. 1842இல் ஃபிலடெல்பியாச் சிறையைப் போய்ப் பார்த்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடம்பில் விழும் எந்தச் சித்திரவதையையும்விட இது கொடியது என்று எழுதினார். 1890இல் மெட்லி என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, தனிமையில் அடைக்கப்பட்டவர்கள் பலர் மந்தமாகிப்போனதையும், பைத்தியமானதையும், தற்கொலை செய்துகொண்டதையும் பதிவு செய்தது. ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1913இல் இந்த முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் பூக்கோவைப் படித்துவிட்டு, சிறை உடம்பை விட்டு ஆன்மாவைப் பிடிக்க வந்தது என்று நிறைய எழுதினோம். அந்தப் பிடியில் முதலில் சிக்கிய ஆன்மா என்ன நிறம் என்று கேட்க மறந்துவிட்டோம்.

*

மனம் திரும்பு என்று கட்டிய அறைக்குள் ஒருவன் தானாகவே மதம் தேடினால் அதிகாரம் கொண்டாட வேண்டும்தானே? இல்லினாய் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள்.

தாமஸ் கூப்பர் ஒரு கருப்பினக் கைதி. கொலைக் குற்றத்துக்காக ஸ்டேட்வில் சிறையில் இருந்தார். பல ஆண்டுகள் அவரைத் தனிப்பிரிவில் பூட்டி வைத்திருந்தார்கள். கூப்பர் நேஷன் ஆஃப் இஸ்லாம் வழியை ஏற்றுக்கொண்டவர். சிறை நிர்வாகத்திடம் குர்ஆன் கேட்டார். தன் மதத்துப் பத்திரிகைகளைக் கேட்டார். தங்கள் மத போதகரைப் பார்க்கக் கேட்டார். எல்லாம் மறுக்கப்பட்டது. பைபிளுக்குத் தடை இல்லை, பாதிரியார் வரத் தடை இல்லை. குர்ஆன் என்றதும் சிறையின் ஒழுங்கு கெட்டுவிடுமாம்.

கூப்பர் 1962இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தள்ளுபடி. மேல்முறையீட்டில் 1963இல் வந்த தீர்ப்பைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சமூக ஆய்வுகள் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டு, கருப்பு முஸ்லிம் இயக்கம் மதம் என்ற முகப்பை மாட்டிக்கொண்டிருக்கிறது, வெள்ளை இனத்தைக் கவிழ்ப்பதே அதன் நோக்கம் என்று நீதிபதிகள் தாங்களாகவே கருத்தில் எடுத்துக்கொண்டார்கள். அதாவது கைதி எதை நம்புகிறான் என்பதைக் கைதியிடம் கேட்க வேண்டியதில்லை. நம்மூரில் மதம் மாறுகிறவனைப் பார்த்து அரிசிக்கும் பால் பவுடருக்கும் போனான் என்று சொல்வார்களே, அதே குரல்.

1964 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒரே ஒரு பத்தியில் திருப்பிப்போட்டது. மதத்தின் காரணமாக உரிமை மறுக்கப்பட்டதாகக் கைதி சொன்னால் அதை விசாரிக்கத்தான் வேண்டும் என்றது. மாநிலச் சிறைகளின் கதவு கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குத் திறந்தது இந்த வழக்கில்தான். பின்னால் வந்த கைதிகள் ஆயிரக்கணக்கில் அந்த வழியாகப் போனார்கள்.

கூப்பர் வழக்குப் போடப் பயன்படுத்திய சட்டம் 1871இல் வந்தது. விடுதலையான கருப்பின மக்களை கூ கிளக்ஸ் கிளான் கொலைகாரர்களிடமிருந்து காக்க இயற்றப்பட்டது. அதே 1871இல் இங்கே வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். பிறக்கும் குழந்தையே குற்றவாளி. அப்புறம் அந்த மக்களைத் திருத்துகிறேன் என்று குடியேற்றங்கள் வந்தன. 1910களில் அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர்ப் பகுதியில் ஸ்டூவர்ட்புரம் போன்ற இடங்களைச் சால்வேஷன் ஆர்மி நடத்தியது. ஜெபமும் உண்டு, பேர் கூப்பிட்டு எண்ணுவதும் உண்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே போகவும் முடியாது. மதமும் காவலும் ஒரே கையில் இருந்தால் ஜெபத்துக்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

*

இனி நான் அதிகம் யோசித்த மனிதருக்கு வருகிறேன். ஜார்விஸ் ஜே மாஸ்டர்ஸ். 1962இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்தவர். அம்மா ஹெராயினுக்கு அடிமை. குழந்தைகளை அரசு பிரித்தெடுத்து வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பியது. பாசமாக வளர்த்த ஒரு வயதான தம்பதியின் வீடும் அதில் இருந்தது, அங்கேயும் நிலைக்கவிடவில்லை. பிறகு விடுதிகள், சிறார் சீர்திருத்த நிலையங்கள். வளர்ந்ததும் துப்பாக்கியோடு கொள்ளை. 1981இல், 19 வயதில், சான் குவென்டின் சிறைக்குள் போனார். உள்ளே ஒரு கருப்பினக் குழுவில் சேர்ந்தார். அந்த நாள்களில் தான் எப்படிப்பட்ட முரடன் என்பதை அவர் தன் எழுத்தில் ஒளிக்கவில்லை.

1985 ஜூனில் சிறைக்காவலர் சார்ஜண்ட் ஹோவெல் பர்ச்ஃபீல்ட் குத்திக் கொல்லப்பட்டார். மூன்று கைதிகள் மேல் வழக்கு. குத்தியவர் ஒருவர், உத்தரவிட்டவர் ஒருவர், குத்திய இரும்பைத் தீட்டிக் கொடுத்தவர் மாஸ்டர்ஸ் என்றது அரசுத் தரப்பு. முதல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. தீட்டியதாகச் சொல்லப்பட்டவருக்கு 1990இல் மரண தண்டனை. தான் அந்தக் கொலையில் இல்லை என்று மாஸ்டர்ஸ் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். அவர் செய்த கொள்ளைகளை ஒப்புக்கொள்கிறவர், செய்யவில்லை என்பதையும் சொல்கிறார். இரண்டையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டும்.

கொலை நடந்த 1985 முதல் 2007 வரை, 22 வருஷம், அட்ஜஸ்ட்மென்ட் சென்டர் என்ற தனிமைப் பிரிவில் இருந்தார். பேரைப் பாருங்கள், சரிசெய்யும் நிலையம்! கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கிற அறை.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோது அவருடைய வாழ்க்கைக் கதையைத் திரட்ட எதிர்த்தரப்பு ஒரு புலனாய்வாளரை அமர்த்தியது. மெலடி எர்மசைல்ட் சாவிஸ் என்ற பெண்மணி. அவர் தியானம் பழகுகிறவர். பயத்தில் திணறிக்கொண்டிருந்த மாஸ்டர்ஸுக்கு மூச்சைக் கவனித்து உட்காரச் சொல்லிக்கொடுத்தார். கான்கிரீட் தரையில் போர்வையை மடித்துப்போட்டு, மற்றவர்கள் விழிக்கும் முன்னால் உட்கார்ந்து பழகினார். பிறகு சாக்துத் துல்கு ரின்போச்சே என்ற திபெத்திய பௌத்த ஆசிரியர் மரணத்தைப் பற்றிச் சொன்னது கண்ணில் பட்டது. கடிதம் போட்டார். ரின்போச்சே தன் நாட்டைவிட்டு ஓடிவந்த அகதி. அவர் சிறைக்கு வந்தார். பார்வையாளர் அறையில் நடுவில் கண்ணாடி, பேசுவதற்குத் தொலைபேசி. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் மாஸ்டர்ஸ் தீட்சை பெற்றார். எந்த உயிருக்கும் தீங்கு செய்யமாட்டேன், துன்பத்திலிருப்பவர்களுக்கு உதவுவேன் என்று உறுதி எடுத்தார்.

எடுத்த இடத்தை யோசிக்க வேண்டும். எவன் கையில் எப்போது கத்தி வரும் என்று தெரியாத இடம். அடிக்க மாட்டேன் என்று சொன்னவன் அங்கே பலவீனன், பலவீனன் என்றால் இரை. ஆசிரமத்தில் அகிம்சை பேசுவது வேறு.

அவர் எழுதியிருக்கும் சம்பவங்களில் ஒன்றை மறக்க முடியவில்லை. உடற்பயிற்சி முற்றத்தில் கைதிகள் எடை தூக்குகிறார்கள். சட்டையில்லாத உடம்புகள், எல்லா முதுகிலும் தழும்புகள். இது எப்படி வந்தது என்று கேட்கிறார். அப்பன் அடித்தது, வளர்த்தவன் அடித்தது என்று ஒவ்வொருவரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த அடியால்தான் நான் ஆம்பளையானேன் என்கிற தோரணை. தன் உடம்பிலும் அதே கதை இருப்பதை மாஸ்டர்ஸ் பார்க்கிறார். இதைப் படித்த அன்று எனக்குச் சின்னம்மா முதுகு ஞாபகம் வந்தது. சின்னையா முதுகும் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் பண்ணையில் மாட்டை மேயவிட்டுத் தூங்கியதற்காக அவரைக் கட்டிவைத்து அடித்ததைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இன்னொன்று. முற்றத்தில் ஒரு கைதி கடற்பறவை ஒன்றை அடிக்கக் கை ஓங்குகிறான். மாஸ்டர்ஸ் தடுத்துவிடுகிறார். அந்தப் பறவையிடம் இருப்பது என் சிறகு என்று அப்போது அவர் வாயில் வந்த பேச்சே பின்னால் 2009இல் வந்த அவருடைய தன்வரலாற்றுக்குப் பெயரானது. முதல் புத்தகம் 1997இல் வந்தது. அதை எழுதும்போது முழுப் பேனா வைத்துக்கொள்ள அனுமதியில்லை. பால்பாயிண்ட் பேனாவின் உள்ளே இருக்கும் மெல்லிய ரீஃபில் மட்டும்தான். விரலுக்குள் நிற்காத அந்தக் குச்சியைப் பிடித்துத்தான் எழுதினார்.

*

இந்தக் கதையை ஒரு தோழரிடம் சொன்னேன். உடனே இரண்டு கேள்வி வந்தது. மதம் எப்படியும் அடங்கத்தானே சொல்லும், உங்க ஆளு அடங்கிப்போனதைக் கொண்டாடுறீங்களா? அப்புறம், தனிமையில போட்டதாலதானே மாறினார், அப்ப தனிமை நல்லதுதானா?

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தனிமை அவரை மாற்றவில்லை. தனிமையை மீறி உள்ளே வந்தவர்கள் மாற்றினார்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், தபாலில் வந்த எழுத்து, கண்ணாடிக்கு அப்பால் வந்து உட்கார்ந்த அகதிக் கிழவர். அறை தன் வேலையைச் செய்திருந்தால் ஆபர்னில் நடந்ததுதான் நடந்திருக்கும். அதே பிரிவில் புத்தி கலங்கிப்போனவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. சேரியில் கிடந்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு மன உறுதி என்று நம்மிடம் சொல்ல வருகிறவர்கள் உண்டு. கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் கேள்வி கடினம். அதற்கு நான் அம்பேத்கரிடம் போகிறேன். அவர் இறந்த பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் புத்தரிடம் வந்தவர்களை வகைபிரித்து எழுதுகிறார். நாவிதர் உபாலி, தெருக்கூட்டிய சுனிதர், தீண்டத்தகாத சோபாகர் போன்றவர்கள் ஒரு பகுதி. வீழ்ந்தோரும் குற்றவாளிகளும் வேறொரு பகுதி. அங்குலிமாலன் இந்த இரண்டாவதில் வருகிறான். எளிய சாதியில் பிறந்ததும் குற்றம் செய்ததும் ஒன்றல்ல என்று அத்தியாயப் பிரிப்பிலேயே சொல்லிவிடுகிறார். 1871 சட்டத்துக்குப் பதில் மாதிரி எனக்குத் தோன்றும்.

அங்குலிமாலன் கதை நமக்குத் தெரியும். கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டவன். புத்தரைத் துரத்துகிறான், பிடிக்க முடியவில்லை, பிக்குவாகிறான். அரசன் பசேனதி படையோடு அவனைப் பிடிக்க வந்தபோது, அவன் இதோ பிக்குவாக இருந்தால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். வணங்குவேன் என்கிறான் அரசன். மாறியவனை மாறியவனாகவே ஏற்றுக்கொண்டு படை திரும்பிப்போகிறது. ஊர் திரும்பவில்லை என்பதையும் பாலி சூத்திரம் சொல்கிறது. பிச்சைக்குப் போன அங்குலிமாலர் மண்டை உடைந்து, ரத்தம் வழிய, கிழிந்த துணியோடு வருகிறார். அவரால் செத்தவர்களின் வீட்டாருக்கும் ஒரு நியாயம் இருக்கிறதல்லவா? பர்ச்ஃபீல்டின் வீட்டாருக்கும் இருக்கிறது. எங்க சின்னம்மாவுக்கும் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அந்த நியாயத்தைக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல.

அடங்கிப்போனாரா மாஸ்டர்ஸ்? வழக்கை விடவில்லை. எழுதுவதை விடவில்லை. முற்றத்துக்குள் வந்த ஓரினச்சேர்க்கையாளர் ஒருவரைக் குத்த ஆள் நெருங்கியபோது இடையில் போய் நின்றார், அது அடங்கிய ஆள் செய்கிற வேலை அல்ல. சிறை கேட்டது கீழ்ப்படிதலை. அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. அதற்குச் சிறை மதிப்பெண் போட முடியாது. நீதிமன்றமும் போடவில்லை. 2016இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது, 2019இல் அவருடைய ஆட்கொணர்வு மனுவையும் தள்ளியது. அதே 2019இல் கலிஃபோர்னியா ஆளுநர் மரண தண்டனைகளை நிறுத்திவைத்தார். தண்டனை மட்டும் ரத்தாகவில்லை.

சின்னையா போய்ச் சேர்ந்துவிட்டார். ஜெயிலில் அவரை எத்தனை நாள் தனியாகப் போட்டார்கள், பைபிளை யார் கொடுத்தது, எழுத்துக் கூட்ட யார் சொல்லிக்கொடுத்தது, நாலு மணிக்கு எழுந்து எதை நினைத்துக்கொண்டிருந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்பதும் தெரியாது. மாஸ்டர்ஸ் ரீஃபில் குச்சியால் தன் கதையைத் தானே எழுதிக்கொண்டார். சின்னையாவுக்கு எழுத வராது. நான் காலேஜ் படித்து, இந்த மாதிரிப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்த பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் அவர் உயிரோடுதான் இருந்தார். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திண்ணையைத் தாண்டித்தான் போவேன். "வாப்பா, சாப்டியா" என்பார். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். சின்னம்மா இருக்கிறது. காது கொஞ்சம் மந்தம். அடுத்த தடவை போனால் அதனிடமாவது உட்கார்ந்து கேட்க வேண்டும்.